குறுக்கே கிடந்த உலக்கை

கரமனை, திருவனந்தபுரம்
9 ஜூன் 2024

அன்புள்ள பேச்சி சித்திக்கு,

உங்கள் உடம்பை விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு என்றால் எனக்கு எழுத வராது. தங்கச்சி ரேஷ்மி குளிக்கப் போகும்போது வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அதைத் தரையோடு இழுத்து, உள்ளிருந்து கதவுக்கு முட்டுக் கொடுத்து வைக்கிறாள்.

எங்கள் லைனில் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே குளிமுறி. தாழ்ப்பாள் உடைந்து பல வருஷம். உள்ளே ஆள் இருந்தால் கதவின் மேல் துண்டைப் போடுவது வழக்கம். ரேஷ்மியும் இதுவரை துண்டைப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துப் பாட்டைக் கத்திப் பாடிக்கொண்டு குளித்தவள்தான். போன வாரம் பாட்டு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வாளி சிமெண்டில் உரசும் சத்தம். அரிசி களைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு நிறைந்த வாளியை இழுக்கப் பலம் போதாது, நாலு தடவை நிறுத்தி நிறுத்தி இழுக்கிறாள். சித்தி, இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மற்றபடி எல்லாரும் சுகம். அப்பா விழிஞ்ஞம் துறைமுக வேலையில் ஷெட்டிலேயே தங்கி, சனிக்கிழமைதான் வருகிறார். தங்கபாண்டி மாமா சித்திரை விஷுவுக்கு எங்களோடு வந்துவிட்டார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தியபோது எங்களோடு இருந்தாரே, அதற்கப்புறம் எர்ணாகுளம் போனவர். இப்போது இங்கே அவர்தான் மேஸ்திரி, அப்பா அவருக்குக் கீழே வேலை பார்க்கிறார். வீட்டை வாடகைக்கு எழுதியதும் அவர் பெயரில்தான். தம்பி திரும்பி வந்ததில் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

நான் அக்ரஹாரத்தில் சுப்புலக்ஷ்மி மாமி வீட்டில் சமையலுக்கு உதவியாகப் போகிறேன். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால் பதிலை மாமி வீட்டு விலாசத்துக்கே போடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நீங்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது நம் ஊர் வீட்டில் குளிக்கிற இடத்துக்குத் தாழ்ப்பாள் இருந்ததா?

உங்கள் கால்வலி எப்படி இருக்கிறது?

பூமாரி

*

மில் விடுதி, வேடசந்தூர்
20 ஜூன் 2024

பிரியமுள்ள பூமாரிக்கு,

சித்தி இங்கே சுகமாக இருக்கிறேன். அறுநூறு பெண்பிள்ளைகளுக்குச் சாம்பார் வைக்கிறவளுக்குக் கால் வலிக்காமல் இருக்குமா? மிஷினில் நின்ற காலத்தை நினைத்தால் அடுப்பங்கரை சொர்க்கம். ஒரு பிள்ளை நேற்று என்னிடம் வந்து, "யக்கா, ஒங்க சாம்பாருல பருப்பு எங்க ஊருக்கு லீவுல போயிருக்கா?" என்கிறாள். வாய் எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு.

நீ உடனே கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி அடி. யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதே. ரேஷ்மியைச் சுவர்ப் பக்கம் படுக்கப் போடு, நீ இந்தப் பக்கம் படு. வந்திருக்கிறானே, அவனோடு கடைக்கு, கோயிலுக்கு, எங்கேயும் தனியாக அனுப்பாதே. அவன் மிட்டாய் வாங்கிவந்தால் உன் கையில் கொடுக்கச் சொல்.

ஊர் வீட்டுத் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு ஞாபகம் இல்லை.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. ரேஷ்மிக்கு என் முத்தம்.

சித்தி முத்துப்பேச்சி

*

கரமனை
7 ஜூலை 2024

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அது வந்த நாளிலிருந்து நான் நன்றாக இருந்தேன், புதன்கிழமை வரைக்கும்.

சாலைக் கம்போளக் கடைத்தெருவில் தாழ்ப்பாள் வாங்கினேன். மாமி வீட்டில் திருப்புளி கேட்டதற்கு, "என்னடி பூமாரி, தச்சு வேலையும் ஆரம்பிச்சாச்சா? அப்படியே எங்காத்து ஜன்னலையும் பார்த்துட்டுப் போ" என்றார் மாமி. நானே முடுக்கினேன். கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் பூட்டியது. ரேஷ்மி உள்ளே போய்ப் பத்து தடவை போட்டுத் திறந்து பார்த்தாள். மூன்று நாள் பாட்டுச் சத்தம் கேட்டது.

புதன்கிழமை மாமா வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு, லைனில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தார். "எந்த மூதிடே இத வச்சது? வீட்டுக்குள்ள கள்ளனா இருக்கான்?" என்றார். எதிர்வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். சுத்தியலைத் திருப்பிக் கொடுத்து ஒரே நெம்பு. திருகாணியோடு பலகையும் பிய்ந்து வந்தது. தூக்கிச் சாக்கடையில் எறிந்தார்.

பிறகு என் போனை எடுத்துத் துணி துவைக்கிற கல்லில் வைத்து அடித்தார். "இப்ப இதுக்கும் தாப்பா போட்டாச்சு" என்றார். என் கையைப் பிடித்து அதே கல்லில் அழுத்தினார். சுத்தியல் என் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. கல் தெறித்துக் கன்னத்தில் பட்டது. "அடுத்த தடவ கல்லு மேல அடிக்க மாட்டேன்" என்று காதுக்குள் சொன்னார்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமன் வெளயாடுதான், அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கா" என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

சனிக்கிழமை அப்பா வந்தார். கதவில் திருகாணி இருந்த ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். என் கன்னத்தையும் பார்த்தார். கை கழுவிக்கொண்டு வந்து சோறு போடச் சொன்னார்.

இன்னொன்று. பள்ளியில் ரேஷ்மியின் தோளைப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை தொட்டிருக்கிறது. இவள் திரும்பி அந்தப் பிள்ளையின் கையைக் கடித்திருக்கிறாள். நாலு தையல். எங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது வர வேண்டும் என்று அவள் வகுப்பு ஸ்ரீலட்சுமி டீச்சர் எழுதியனுப்பினார். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், இனி இப்படி நடக்காது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்று முதல் ரேஷ்மி தன் கையையே கடித்துக்கொள்கிறாள். படுக்கையை நனைக்கிறாள். அதற்கும் அம்மாவிடம் அடி.

வாளிச் சத்தம் திரும்பவும் கேட்கிறது.

நீங்கள் சாப்பிட்டுத் தெம்பாக இருங்கள். நான் என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள்.

பூமாரி

*

வேடசந்தூர்
19 ஜூலை 2024

பூமாரி,

எழுதப் பிந்திவிட்டது. உன் கடிதத்தைப் படித்த அன்று கஞ்சி வடிக்கும்போது காலில் கொட்டிக்கொண்டேன். இப்போது கொப்புளம் வாடிவிட்டது, கவலைப்படாதே.

அந்த டீச்சரிடம் நீ நேரில் போ. போய்ச் சொல். எங்கள் விடுதிச் சுவரில் 1098 என்று ஒரு நம்பர் ஒட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிடச் சொல்லி. பதினேழு வருஷமாக இந்த விடுதியில் இருக்கிறேன், இந்த வாரம்தான் அதை நின்று படித்தேன். மாமி வீட்டுப் போனிலிருந்து கூப்பிடு.

ஒன்று மட்டும். அக்காவிடம், அதாவது உன் அம்மாவிடம், இதைச் சொல்லாதே. ஏன் என்று கேட்காதே. சொல்லாதே.

சித்தி

*

கரமனை
21 ஜூலை 2024

அன்புள்ள சித்திக்கு,

நலமா? உங்கள் பதில் இன்னும் வரவில்லை. பொறுக்க முடியாமல் வெள்ளிக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அன்று காலை தலை சீவும்போது ரேஷ்மி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொன்னாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். சொல்லிவிட்டு, "அக்கா, இறுக்கிப் பின்னு, பிடிச்சு இழுத்தா அவுறக் கூடாது" என்றாள்.

அந்த வாக்கியத்தை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே தோசைத் திருப்பியால் அடித்தாள். சூடாக இருந்தது. முழங்கையில் நீளமாகத் தோல் கழன்றுவிட்டது. மாமிதான் மருந்து போட்டார். "வாயத் தொறந்தே, நாக்க அறுத்துருவேன். அவன் இல்லாட்டி ஒங்கப்பனுக்கு ஏதுட்டி வேல? நமக்கு ஏதுட்டி வீடு?" என்றாள். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் இரண்டு தடவை மோதினாள். ரேஷ்மி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம் அம்மா தானே தரையில் உட்கார்ந்து அழுதாள். என் முழங்கையை மடியில் வைத்துக்கொண்டு ஊதினாள். "ஆம்பள கல்யாணம் காட்சி இல்லாமக் கெடந்தா புத்தி அப்படித்தான் போவும். ஒன்ன அவனுக்குக் கெட்டி வச்சிட்டா எல்லாம் அடங்கிரும். மொற மாமன்தானே. ஒரு பய ஒண்ணும் பேச மாட்டான். சின்னவளும் தப்பிச்சிருவா" என்றாள். ஐப்பசியில் எனக்குப் பதினெட்டு முடிகிறது.

சித்தி, நான் அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னைக் கட்டிக்கொண்டால் அவர் ரேஷ்மி பக்கம் போக மாட்டார் என்று அம்மா அடித்துச் சொல்கிறாள். எனக்குப் படிப்பு இல்லை. எனக்கு என்ன ஆனாலும் இனிப் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. சரி என்று சொல்லலாமா? ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூமாரி

*

கரமனை
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சித்திக்கு,

கால் ஆறிவிட்டதா? உங்கள் கடிதம் நான் அம்மாவிடம் சொல்லி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அதற்கப்புறம் நான் கேட்டதற்கு உங்களிடமிருந்து பதிலே இல்லை. தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் மாமி வீட்டு முற்றத்தைப் பெருக்குகிறேன். மாமிகூட, "அந்த முத்தம் தேய்ஞ்சு போயிடும்டி" என்கிறார்.

நீங்கள் சொன்னபடி டீச்சரைப் பார்க்க இரண்டு தடவை பள்ளிக் கேட் வரைக்கும் போனேன். காவலுக்கு நிற்பவர், "எந்தா மோளே, ஆரெ காணணம்?" என்று கேட்டதும் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிட்டேன். 1098 நம்பரை ஒரு தடவை கூப்பிட்டேன். எடுத்து ஒரு பெண் குரல் பேசியது. என் குரல் வரவில்லை. வைத்துவிட்டேன். என்னைத் திட்டுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ரேஷ்மி பள்ளியில் பெரியவளாகிவிட்டாள். இரத்தத்தைப் பார்த்ததும் கழிப்பறைக்குள் போய், தான் ஏதோ செய்துவிட்டதாக நினைத்துக் கத்தியிருக்கிறாள். நான் போய்த்தான் அழைத்து வந்தேன்.

வீட்டு மூலையில் ஓலைத் தடுப்பு கட்டி அவளை உட்கார வைத்திருக்கிறோம். ஓலையை முறைப்படி மாமாதான் கட்டினார். வாசலில் குறுக்கே போட உலக்கை வேண்டுமே, இந்த லைனில் யாரிடம் இருக்கிறது? மாமி தன் வீட்டு உலக்கையைக் கொடுத்தார். இரும்புப் பூண் போட்டது. "பத்திரமாக் கொண்டு வந்துடணும், கேட்டயா. எங்காத்து மாமாவைக்கூட நான் இதால அடிச்சதில்லை" என்றார்.

சித்தி, இப்போது ஒரு அதிசயம். உலக்கையைத் தாண்டி ஆண்பிள்ளை உள்ளே போகக்கூடாது என்பது முறை அல்லவா? அவர் தாண்டவில்லை. லைனில் பத்துப் பெண்கள் வந்து போகிறார்கள், அவர்கள் வாய்க்குப் பயம். துண்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் பயப்படாதவர் ஒரு கட்டைக்குப் பயப்படுகிறார். ஐந்து நாளாக ரேஷ்மி படுக்கையை நனைக்கவில்லை. "அக்கா, சடங்கு முடிஞ்சாலும் இத மாமிக்குத் திருப்பிக் கொடுக்காண்டாம், என்ன?" என்று நேற்றுக் கேட்டாள்.

செப்டம்பர் ஒன்றாம் தேதி சடங்கு. அன்றோடு உலக்கையை எடுத்துவிடுவார்கள்.

அதனால் நான் சரி என்று சொல்லிவிட்டேன். அம்மா சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள், இனி அவன் சின்னவள் பக்கம் போகமாட்டான் என்று. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உங்கள்
பூமாரி

*

கரமனை
20 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை முத்துப்பேச்சிக்கு அக்காள் எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம், உன் சுகத்துக்குக் கடவுள் துணை. வருகிற ஆவணி 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்குமேல் ரேஷ்மிக்குச் சடங்கு வைத்திருக்கிறோம். மாமன் சீரைத் தம்பி ஒரு குறையும் இல்லாமல் செய்கிறான். அன்றைக்கே பூமாரிக்கும் அவனுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்கிறோம். இத்தனை வருஷமாக நீ எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லை. இதற்காவது வந்து சேர். பழசை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதியது: பூமாரி

*

வேடசந்தூர்
24 ஆகஸ்ட் 2024

என் கண்ணே பூமாரி,

உனக்கு நாலு பதில் எழுதினேன். நாலையும் அடுப்பில் போட்டேன். இது ஐந்தாவது.

ஊர் வீட்டில் குளிக்கிற இடத்துக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான் அம்மிக் குழவியை உருட்டி வந்து கதவுக்கு வைப்பேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, என் கூடப்பிறந்த அண்ணன் அவனுக்குப் பதினேழு. குழவியை வைத்துவிட்டால் வரமுடியாது என்று நினைத்தேன்.

அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அவளிடம்தான் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்ல எனக்கு ஆள் இல்லை. அவள் என் வாயில் அடித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் சூடம் ஏற்றி, அணைத்து, இனி அவன் உன் பக்கம் வரமாட்டான் என்று சத்தியம் செய்தாள். உன்னிடம் செய்த அதே சத்தியம். இரண்டு வருஷத்தில் என்னை இந்த மில்லுக்கு அனுப்பினார்கள். அவனை அவள் தன்னோடு திருவனந்தபுரம் கூட்டிப்போனாள், கண்முன்னால் இருந்தால் ஒழுங்காக இருப்பான் என்று. அந்த வீட்டில்தான் நீ வளர்ந்தாய்.

நான் வீட்டை விட்டுப் போய்விட்டால் போதும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நான் போனதால் நீ தப்பவில்லை. நீ அவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போவதால் ரேஷ்மியும் தப்பமாட்டாள். உனக்குப் பெண்பிள்ளை பிறந்தால் அதுவும் தப்பாது.

உனக்கு என்ன நடந்தது என்று நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. வாளியைப் பற்றி எழுதினாயே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தாழ்ப்பாள் வாங்கச் சொன்னேன். ஞாபகம் இல்லை என்று எழுதினேன். என்னை மன்னிக்காதே.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அதில் என் முழுப்பெயர், தகப்பன் பெயர், வயது, என்ன நடந்தது, எந்த வருஷம், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாராவது உன்னை நம்பாவிட்டால் அதைக் கொடு. உன்னால் பேச முடியாவிட்டால் அதைக் கொடு.

வெற்றிலை மாற்றாதே.

முத்துப்பேச்சி

*

வேடசந்தூர்
4 செப்டம்பர் 2024

மதிப்புக்குரிய சுப்புலக்ஷ்மி அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் பூமாரியின் சித்தி. எங்கள் வார்டன் போனுக்கு என் அக்காள் கூப்பிட்டு, பூமாரி தங்கபாண்டியின் காலை முறித்துவிட்டாள், சின்னவளையும் இழுத்துக்கொண்டு ஓடிவிட்டாள், எல்லாம் உன் வேலைதான் என்று கத்தினாள். மேலே கேட்பதற்குள் வைத்துவிட்டாள். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? உயிரோடு இருக்கிறார்களா? ஒரு வரி எழுதுங்கள். பூமாரியைப் பார்த்தால் இதை அவளிடம் கொடுங்கள்.

முத்துப்பேச்சி

*

திருவனந்தபுரம்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். பெண்பிள்ளைகளுக்கான ஒரு இல்லத்தில் இருக்கிறோம். விலாசத்தை எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மாமி கொண்டுவந்து கொடுத்துத்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். இன்று திருவோணம், முற்றத்தில் பூக்களம் போட்டிருக்கிறார்கள். ரேஷ்மி இங்கே செட்டிப்பூ என்கிற செண்டுமல்லியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். என் தலையில் ஆறு தையல், வலி குறைந்துவிட்டது. நடந்ததை உங்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

சடங்கு வேலை என்று அம்மா என்னை மாமி வீட்டுக்கு விடவில்லை. அதனால் உங்கள் கடிதம் நாலு நாள் அங்கேயே இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியே லைனுக்கு வந்துவிட்டார். பந்தலுக்கு வெளியே நின்றபடி, "ரெண்டு ஸ்டாம்ப் ஒட்டியிருக்கா. ஏதோ அவசரம் போலேருக்கு" என்று கவரைக் கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு குளிமுறிக்குப் போனேன். வாளியில் தண்ணீர் பிடித்துக் கதவுக்கு வைத்துவிட்டுப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். வெளியே யாரோ துண்டு எங்கே என்று கத்தினார்கள்.

நான் வெளியே வந்தபோது சீர்த்தட்டுகள் வந்துவிட்டன. பதினொரு தட்டு. மாமா பட்டுக்கரை வேட்டி கட்டி, கையில் மாலையோடு வந்தார். ரேஷ்மி அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு ஓலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சேலைக்குள் அவள் இருக்கிற இடமே தெரியவில்லை. மாமன்தான் கைபிடித்து வெளியே அழைத்துவர வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் உலக்கையைக் காலால் தள்ளினார். "இனி எதுக்கு இந்தச் சவம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தாண்டி உள்ளே போனார்.

ரேஷ்மி கத்தவில்லை, கடித்தாள். அவர் புறங்கையால் ஓங்கி வாயில் அறைந்தார். அவள் ஓலையோடு சேர்ந்து விழுந்தாள். உதடு கிழிந்து சேலையெல்லாம் இரத்தம். "மாமன் கையால ஒரு அடி வாங்குனா நல்லதுதான்" என்று ஒரு பெண் சொன்னாள். அவர் அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்துத் தூக்கினார். நான் காலையில் இறுக்கிப் பின்னியிருந்தேன், சித்தி. அவிழவில்லை.

அப்போது நான் உலக்கையை எடுத்தேன். கனமாக இருந்தது. பூண் போட்ட பக்கத்தால் அவர் முழங்காலில் அடித்தேன். காய்ந்த மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் பின்னலை விட்டுவிட்டு விழுந்தார். காலைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டார். மறுபடியும் ஓங்கினேன். இந்தத் தடவை தலைக்கு ஓங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். பின்னாலிருந்து யாரோ உலக்கையைப் பிடித்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் அப்பா.

அதற்குள் அம்மா என் மேல் பாய்ந்தாள். "பேய் புடிச்சிருக்கு இவளுக்கு! கெட்டுங்கலே இவள!" என்று என் தலையை நிலைப்படியில் இடித்தாள். கண்ணில் இரத்தம் இறங்கியது. நான் உலக்கையை விடவில்லை. மறுமுனையை அப்பா பிடித்துக்கொண்டே நின்றார். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. நான் அப்பாவிடம் சொன்னேன். எனக்கு இவ்வளவு சத்தமாகப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. "இவரு ரேஷ்மியத் தொடுதாருப்பா. ஒங்களுக்குத் தெரியும். கதவு ஓட்டையில வெரல விட்டுப் பாத்தீங்கல்லா?" என்றேன்.

பந்தலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ நிறுத்தினார்கள். அப்பா கையை எடுத்தார். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து என்னிடமிருந்து பிரித்தார். அவ்வளவுதான் செய்தார். 

ரேஷ்மியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். சேலை தடுக்கித் தடுக்கி விழப்போனாள், அதனால் சேலையைச் சுருட்டி இடுப்பில் செருகிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் விலகி வழிவிட்டார்கள். எதற்கு விலகுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்குப் போன பிறகுதான் உலக்கையை இன்னும் தோளில் வைத்திருப்பதைப் பார்த்தேன்.

ராஜஸ்ரீ என்று ஒரு போலீஸ்கார அம்மா வெளியே வந்தார். "மோளே, ஆ உலக்க அவிடெ சாரி வெச்சோ" என்றார். சுவரில் சாய்த்து வைத்தேன். வாய் திறந்தேன், வந்த சத்தமெல்லாம் பந்தலிலேயே தீர்ந்துபோயிருந்தது. அதனால் நீங்கள் எழுதிய தாளைக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை. என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். உங்கள் வார்த்தையாக இருந்ததால் வாசிக்க முடிந்தது.

ஸ்ரீலட்சுமி டீச்சரை வரவழைத்தார்கள். ரேஷ்மி டீச்சரின் மடியில் தலைவைத்துக்கொண்டு, அன்றைக்குத் தலை சீவும்போது என்னிடம் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னாள். பிறகு இன்னும் நிறைய. உதட்டுக்குத் தையல் போட்டபோதும் அழாதவள், அந்தப் பிள்ளையைக் கடித்ததைச் சொல்லும்போது அழுதாள்.

மாமா ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் இருக்கிறார். காலில் கம்பி வைத்திருக்கிறார்களாம். அவரை அடித்ததற்கு என் மேலும் ஒரு வழக்கு இருக்கிறது. அதை இல்லத்துக்கு வருகிற ஒரு வக்கீல் அம்மா பார்த்துக்கொள்கிறார். அம்மா இதுவரை வரவில்லை. அப்பா ஒரு தடவை வந்தார். அந்த வேலையை விட்டுவிட்டாராம். பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேஷ்மி அவர் பக்கத்தில் போகவில்லை. உலக்கை இன்னும் போலீசில் இருக்கிறது. மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். "போறதுடி, இப்பவாவது அதுக்கு ஒரு வேலை வந்ததே" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார்.

இங்கே குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. ரேஷ்மி தாழ்ப்பாளையும் போட்டு வாளியையும் வைக்கிறாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று ஸ்டேஷனில் ரேஷ்மி சொன்னதை எல்லாம் ராஜஸ்ரீ அம்மா எழுதி முடித்தார். மேலே குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ரேஷ்மி என்று எழுதியிருந்தது. பேனாவை மூடப்போனவர், மூடாமல் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். என் கையில் தோசைத் திருப்பியின் தழும்பு, கண்ணில் காய்ந்த இரத்தம். "மோள்க்கோ?" என்று கேட்டார், மகளே, உனக்கு என்று. "மோள்க்கும் பதினெட்டு ஆயில்லல்லோ."

 கையை நீட்டிப் பேனாவை வாங்கி, ரேஷ்மியின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

பூமாரி